எங்கள் பாட்டை உங்கள் கையில்

தமிழில் இசை நாடகத்துக்குப் பாட்டு எழுதியவர்களில் தலைசிறந்தவர் யார் என்று அறிஞர்கள் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விடை பழவேற்காட்டு ஏரிக்கரையில் கிடைத்துவிட்டது. அவர் பெயர் பிரதாப். தம்மை 'லிரிசிஸ்ட்' என்றுதான் சொல்லிக்கொள்வார். பாடலாசிரியர் என்று சொன்னால் சினிமாவுக்கு எழுதுகிறவர் என்று ஜனங்கள் தப்பாக நினைத்துவிடுவார்களாம். அந்தத் தப்பு நேராதபடி சினிமாக்காரர்களும் இருபது வருடமாகக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் உவைஸ். ஊர் பழவேற்காடு. பொன்னேரி நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்பாதியில் மேசை போட்டு, இருபத்தெட்டு வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். பிரதாப்பின் தலைசிறந்த படைப்பு உருவான இரண்டு மாதமும் அதன் 'வட்டார மொழி ஒருங்கிணைப்பாளர்' நான்தான். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீலப் பட்டையோடு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அட்டையில் இருந்த உவைஸ் என்னைவிட முக்கியமான ஆளாகத் தெரிந்தான்.

பிரதாப்பின் கலைப் பயணம் ஒரு பினாயில் விளம்பரத்தில் தொடங்கியது. பிறகு பிளாஸ்டிக் குழாய் செய்யும் நிறுவனம் ஒன்றின் வெள்ளி விழாவுக்கு இரண்டரை மணி நேர இசை நாடகம் எழுதினார். கதாநாயகன் ஒன்றரை அங்குலக் குழாய். கதாநாயகி முக்கால் அங்குலக் குழாய். அளவு பொருந்தாததால் சேர முடியாமல் தவிக்கிறார்கள். கடைசியில் 'ரெடியூசர்' என்கிற இணைப்பான் வந்து இருவரையும் சேர்த்துவைக்கிறது. குழாய் விநியோகஸ்தர்கள் தேம்பி அழுதார்களாம். அடுத்தது பல் மருத்துவர்கள் மாநாட்டுக்கு. அதில் பிடுங்கப்படும் முன் கடைவாய்ப்பல் பாடுகிற தனிமைப் பாட்டைச் சில மருத்துவர்கள் இன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்று அவரே என்னிடம் சொன்னார். நோயாளிகள் என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கு வாய் திறந்திருந்தாலும் பேச முடியாது.

அவருடைய தொழில் நுணுக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பேறும் எனக்குக் கிட்டியது. குறிப்பேட்டில் முதலில் வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்வார். ஓடம், பாடம், வேடம், மாடம். முன்பாதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து நிரப்புவார்.

"முடிவு கிடைச்சிட்டா பாட்டு கிடைச்ச மாதிரி, உவைஸ். நடுவுல என்ன சொல்றோம்னு யாரும் கேக்கறதில்ல" என்பார்.

இப்பேர்ப்பட்டவர் எங்கள் பக்கம் வரக் காரணமாக இருந்தது சவுக்குமேடு. தோணிரேவு கிராமத்தைத் தாண்டி ஏரியோரமாக இருக்கும் குப்பம் அது. அறுபத்திரண்டு குடும்பங்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள். அந்த முறைக்கும், முறை வருகிற அந்த இடத்துக்கும் 'பாடு' என்று பெயர். கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்குப் பாட்டில்தான் இறால் நிறைய விழும். வடக்குப் பாட்டில் முறை வந்த வாரத்தில்தான் அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு வரும்.

அதே இடத்தில் மிதக்கும் விடுதி கட்டவும், சுற்றுலாப் பயணிகளை வேகப் படகில் வைத்துச் சுழற்றவும் 'நீலவாசல்' என்ற நீர்விளையாட்டு நிறுவனம் ஆசைப்பட்டது. அனுமதி எல்லாம் தயார். பாக்கி ஒன்றே ஒன்றுதான். அங்கே வலை கட்டுகிற அறுபத்திரண்டு குடும்பமும் இடத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். நிறுவனத்தின் 'சமூக மகிழ்ச்சி மேலாளர்' வினோத் இரண்டு முறை கூட்டம் போட்டார். முதல் கூட்டத்தில் குப்பத்துத் தலைவர் எல்லப்பன் ஒரு வாக்கியம் பேசினார்.

"எங்க பாட்ட மட்டும் கேக்காதீங்க நைனா. வேற இன்னா வேணும்னாலும் கேளுங்க."

இரண்டாவது கூட்டத்திலும் அதையே பேசினார். கூட்டம் முடிந்தது. மேலிடத்துக்கு வினோத் அனுப்பிய அறிக்கையில் 'பேச்சுவார்த்தை ஆரோக்கியமான கட்டத்தை எட்டியுள்ளது' என்று இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தவன் நான்.

இந்தக் கட்டத்தில்தான் வினோத்துக்கு ஞானம் பிறந்தது. "இவங்ககிட்ட பேசி பிரயோஜனம் இல்ல. பாடிப் பாப்போம்" என்றார். ஊர்க்காரர்களே நடித்துப் பாடும் இசை நாடகம். தலைப்பு, 'ஆம் என்றது அலை'. எழுதுவதற்குச் சென்னையிலிருந்து பிரதாப் வரவழைக்கப்பட்டார்.

எழுதும் முன் மக்களின் வாழ்வை ஆராய வேண்டும் என்று பிரதாப் பிடிவாதமாக இருந்தார். மூன்று நாள் ஆராய்ந்தார். கருவாட்டு வாசம் அவருக்கு ஆகாது என்பதால் ஏசி வேனின் கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவைத்துக்கொண்டு ஆராய்ந்தார். மக்களை ஒவ்வொருவராக வேன் பக்கம் கூட்டிவருவது என் வேலை. முதலில் மார்கரெட்டைக் கூட்டிவந்தேன். இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரி மார்க்கெட் வரைக்கும் போய் விற்றுவருகிறவள். புருஷன் தானியேல் ஏரியில் வலை கட்டுகிறவன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் முதல் குரல்.

"அலை உங்ககிட்ட என்ன பேசும்க்கா?" என்று பிரதாப் கண்ணாடி இடுக்கு வழியாகக் கேட்டார்.

"எந்த அலை?"

"இந்த ஏரியோட அலை."

"ஏரியில ஏதுங்க அலை. தண்ணி ஏறும், வடியும். முகத்துவாரம் மண்ணு மூடிக்கிச்சினா அதுவும் கெடையாது."

'மௌனமான அலை' என்று குறித்துக்கொண்டார். "சரி, மீனைப் பாக்கும்போது உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன தோணும்?"

"விக்கணும்னு தோணும்."

"அதுக்கும் முன்னாடி? ஆழமா யோசிச்சுச் சொல்லுங்க."

மார்கரெட் ஆழமாக யோசித்தாள். "நாறிடக் கூடாதுனு தோணும்."

பிரதாப் குறிப்பேட்டை மூடினார். மண்ணின் கவிதையைக் கேட்டுவிட்ட களைப்பில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

அடுத்து எல்லப்பன் வந்தார். வேன் பக்கத்தில் நின்று, மூன்றாவது முறையாகத் தம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பிரதாப்பின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா உவைஸ்? தங்களோட பாட்டை இவ்வளவு நேசிக்கிற ஜனங்களை நான் எங்கேயும் பாத்ததில்ல. சிட்டில யாராவது என் பாட்டைக் கேக்காதேனு சொல்வானா?"

அவருடைய பாட்டைக் கேட்டவர்கள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நான் சொன்னது வேறு. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"சார், அவர் சொன்னது பாட்டு இல்ல. பாடு. வலை கட்டற முறை."

"பாட்டைனு தானே சொன்னார்?"

"நாடு நாட்டை ஆகுது. வீடு வீட்டை ஆகுது. அந்த மாதிரி பாடும் பாட்டை ஆயிடும். பாட்டும் பாட்டைதான் ஆகும். ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் வரும்."

இலக்கணத்தில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. மனுதாரர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. முன் இருக்கையில் செல்பேசியைத் தடவிக்கொண்டிருந்த வினோத் மெல்லத் திரும்பினார்.

"எழுத்துலயும் வித்தியாசம் தெரியாதா?"

"தெரியாது சார்."

"இன்னொரு தடவை சொல்லுங்க பாய்."

சொன்னேன். உதாரணத்துக்கு 'காடு, காட்டை' என்று ஒன்று சேர்த்தும் சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் ஒரு விஷயத்தை ஒருவர் மறுபடி சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிரதாப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிலேடை" என்றார், கோயிலில் சாமி பெயரைச் சொல்வதுபோல. "இருபது வருஷமா குழாய்லயும் பல்லுலயும் தேடிட்டிருந்தேன். இங்க சேத்துல கிடக்குது."

பதினைந்து நிமிடத்தில் இரண்டு வரி பிறந்தது.

'எங்கள் பாட்டை உங்கள் கையில் கொடுத்தோம் – இனி
எங்கும் உங்கள் படகு செல்ல விடுத்தோம்.'

அவர் எழுதியதில் நடுவிலும் அர்த்தம் இருந்த முதல் பாட்டு அது. வினோத் அதை மூன்று முறை படித்தார். "கடைசி கோரஸ் இதான். மொத்த ஊரும் பாடணும். வீட்டுக்கு ஒரு குரல், கண்டிப்பா அறுபத்திரண்டு குரல்" என்றார். கலைமேல் ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு அக்கறை இருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

குப்பத்துப் பள்ளிக்கூடத் திடலில் ஒத்திகை நடந்தது. ஒத்திகை நாளில் பிரியாணி என்பதால் வருகைப் பதிவு பிரமாதமாக இருந்தது. எல்லப்பனுக்கு 'பழமை' என்ற பாத்திரத்தைக் கொடுத்தார் பிரதாப். தடியை ஊன்றிக்கொண்டு முதல் பாதியில் எல்லாவற்றையும் எதிர்த்துவிட்டு, இரண்டாம் பாதியில் தடியைத் தூர எறிந்துவிட்டு ஆட வேண்டும். "எனக்கு மொழங்கால் வலி நைனா. கூட்டத்துல நிக்கறேன்" என்று அவர் கோரஸில் போய் நின்றுகொண்டார்.

கடைசிப் பாட்டு வந்த அன்று, முதல் வரியிலேயே மார்கரெட் நிறுத்தினாள். அவள் நின்றதும் அறுபத்தொரு பேரும் நின்றார்கள்.

"எங்கள் பாட்டைனா எந்தப் பாட்ட?"

"இந்தப் பாட்டைத்தான்க்கா. இப்ப பாடறீங்களே, இதை ஆடியன்ஸ் கையில கொடுக்கறோம். ஒரு உருவகம்" என்றார் பிரதாப். முகத்தில் சலனமே இல்லை. பெரிய கலைஞர்களுக்கு அது வாய்த்துவிடுகிறது.

மார்கரெட் வரிசையை விட்டு விலகினாள். பிறகு திடலைக் கடந்து, சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் வந்தாள்.

"உவைஸ் பாய், நீ மனு எழுதறவன். எங்க ஊட்டுப் பத்திரத்தையே நீதான் பாத்துக் குடுத்த. உன்ன நம்பிக் கேக்கறேன். இதுல வேற எதுனா கீதா?"

வினோத் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டையை நேராக்கிக்கொண்டேன்.

"பாட்டுதானே மார்கரெட்" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று திரும்பிப் போய் வரிசையில் நின்றாள். பாட ஆரம்பித்தாள்.

அரங்கேற்றம் ஒரு சனிக்கிழமை மாலை, இறால் காயப்போடுகிற களத்தில் நடந்தது. ஏரியாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு நங்கை வந்திருந்தாள். நாடகம் முழுக்க மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தாள். அதுவும் நடிப்பு என்றே பலரும் நினைத்தார்கள். ஏரி பல நூறு ஆண்டாகத் தூங்குகிறாள். வேகப் படகில் ஓர் இளவரசன் வருகிறான். மோட்டார் சத்தத்தில் கண் விழிக்கிறாள். 'ஆம்' என்கிறாள். இதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது.

மேடை ஏறும் முன் ஒவ்வொருவர் கையிலும் வழவழப்பான பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு வரி கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே பெயர், வீட்டு எண், கையெழுத்து. "நினைவுக்காகத்தான்" என்றார் வினோத். அறுபத்திரண்டு பேரும் போட்டார்கள். எல்லப்பன் கைநாட்டு வைத்தார். விரலில் மை சரியாகப் படிகிறதா என்று பிடித்துப் பார்த்தவன் நான்.

பிறகு மார்கரெட் பாடினாள். அதைப் பற்றிக் கேலியாக எழுத எனக்கு வரவில்லை. அந்த வரியை எழுதியவனுக்கும் எழுதவைத்தவனுக்கும் சற்றும் பொருந்தாத குரல். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்ட மறந்துபோனார்கள்.

ஏழு வாரம் கழித்து வடக்குப் பாட்டைச் சுற்றி மஞ்சள் மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். தானியேலின் முறை வந்த நாளில் அவன் படகை, சீருடை போட்ட காவலாளி ஒருவன் ஊதல் ஊதித் திருப்பி அனுப்பினான். எல்லப்பனும் மார்கரெட்டும் நிறுவனத்துக்குப் போய்க் கேட்டார்கள். வினோத் பிளாஸ்டிக் உறையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"நீங்கதானே கொடுத்தீங்க? வெறும் வாயால கூட இல்ல. தாளத்தோட கொடுத்தீங்க. வீடியோ இருக்கு."

எல்லப்பன் விடவில்லை. கலெக்டருக்கு எழுதிப் போட்டதில் விசாரணை வந்தது. பொன்னேரியில் ஒரு மாடி அறை. விசாரணை அதிகாரி நிதானமானவர். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாட்டைனா பாட்டுனு தான் எனக்குப் படுது. நாடகத்துல வர்ற வரியை வெச்சு ஒரு ஊரோட தொழிலை எப்படி எழுதி வாங்க முடியும்? எழுதினவரையே கேட்டுடலாம்" என்றார்.

வினோத்தின் முகம் வெளுத்தது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் பிரதாப் சால்வையோடு வந்து உட்கார்ந்தார்.

"சார், இந்த வரியை நீங்க பாட்டுங்கற அர்த்தத்துலதானே எழுதினீங்க?" என்று அதிகாரி கேட்டார். கேட்ட விதத்திலேயே விடையும் இருந்தது. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். மிதவைகளை அன்று மாலையே அவிழ்த்திருப்பார்கள். மார்கரெட் கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்திருந்தாள். சுவரோரம் வினோத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரதாப் புண்பட்டவராகச் சிரித்தார்.

"ஒரே அர்த்தத்துல எழுதறதுக்கு நான் என்ன மனு எழுதறவனா? ரெண்டையும்தான் சார். தெரிஞ்சே வெச்சேன். அது சிலேடை. விளக்கறேன்."

விளக்கினார். இருபது நிமிடம் விளக்கினார். நாடு நாட்டை, வீடு வீட்டை, காடு காட்டை என்று என் உதாரணங்களைத் தம்முடையதாகச் சொல்லி விளக்கினார். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார்.

"பாடினவங்களுக்கு அந்த இன்னொரு அர்த்தம் தெரியுமா?"

"அது அவங்க ஊர்ச் சொல்லு சார். அவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"நாங்க கேட்டோம். பாட்டுதான்னு சொன்னாங்க" என்றாள் மார்கரெட்.

"யார் சொன்னது? சாட்சி இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் மூன்று இறக்கைகள் இருந்தன. அவற்றை நான் பலமுறை எண்ணினேன். அதிகாரி கோப்பை மூடினார்.

வடக்குப் பாடு போனது. எட்டு நாளுக்கு ஒரு தடவை வந்த முறை இப்போது இருபது நாளுக்கு ஒரு தடவை, அதுவும் இறால் விழாத இடத்தில். தானியேல் காட்டூரில் நெல்மூட்டை தூக்கப் போகிறான். பிரதாப்புக்கு அந்த வரிக்காக ஒரு கலை மன்றம் 'சிலேடைச் செம்மல்' பட்டம் கொடுக்க முடிவு செய்தது. விழாவில் வாழ்த்துரை வழங்க என்னைக் கூப்பிட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் சில பக்கங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

நேற்று முன்பகலில் மார்கரெட் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கூடையில் இறால் இல்லை. காலியாகத்தான் இருந்தது.

"மேல்முறையீடு எழுதணும் பாய்."

"வேற யார்கிட்டயாவது எழுதிக்கலாமே."

"உன்னாலதான் முடியும். நான் கேட்டப்ப நீ இன்னா சொன்னேனு உனக்குத்தான் தெரியும்."

தாளை எடுத்தேன். "எதிர்மனுதாரர் யாரு? கம்பெனியா?"

"கம்பெனி கெடக்கட்டும், கடைசியில எழுது. மொதல்ல பாட்டு எழுதனவரு. ரெண்டாவது நீ." அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டு அர்த்தம் வராம எழுது."

பேனாவின் மூடியைக் கழற்றினேன். மனுவை எழுதி முடித்தேன். பிறகு அதன் கீழே என் வாக்குமூலமாக எழுதினேன். 'இந்த வரியில் இன்னொரு பொருள் ஒளிந்திருப்பது பிரதாப்புக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான். மனுதாரர் என்னை நம்பிக் கேட்டபோது, தெரிந்தே மறைத்தேன்.'

எதுகை இல்லை. மோனையும் இல்லை. மார்கரெட் தாளைத் தன் பக்கம் திருப்பி, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். படித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"இத்த யாராலயும் பாட முடியாதில்ல?" என்று கேட்டாள்.

"முடியாது" என்றேன்.

பேனாவை என் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் பேனாவை என்னிடமே நீட்டி, சாட்சி என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினாள்.